19 நாள் பாக்கி

ஆகஸ்ட் மாதம் நான் தொடர்ச்சியாக 19 நாள் பள்ளிக்கு வரவில்லை. எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும், டெங்கு காய்ச்சல். அதை எழுதிக் கொடுன்னு தமிழ் டீச்சர் சொன்னாங்க, அதான் எழுதுகிறேன்.

முதல் நாலு நாள் கண்ணுக்குப் பின்னால் வலி, மேலு முழுக்க அடிச்சுப் போட்ட மாதிரி வலி. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மை "எல்லாம் சரியாச்சு மக்களே, வீட்டுக்குப் போவோம்"னு பையை எடுத்துட்டா. டாக்டர்தான் விடல. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தாம். அப்பதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியுமாம். தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கணும், எனக்கு 41 ஆயிரம்தான் இருந்தது. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் தானா வாங்கிக் கொடுக்கக் கூடாது, ரத்தம் கசியும்னு சொன்னார். இதை உங்க வீட்டிலயும் சொல்லி வையுங்கள்.

அம்மைக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிட்டுப் போய் 300 மரம் வெட்டணும். என் பக்கத்தில் இருந்த நாளுக்கெல்லாம் கூலி இல்லை. என் நோட்டு பாக்கியை எழுதித் தீர்க்கலாம், அந்தப் பாக்கியை என்ன செய்ய?

திரும்பி வந்த அன்னைக்கு மூணு பேர் இருக்கிற பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். ஒரு பிள்ளை தண்ணி பாட்டிலை என் கிட்ட இருந்து தள்ளி வச்சா. யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல, வீட்டில் சொல்லி விட்டிருப்பாங்க. ஆனா டெங்கு தொட்டால் ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. காய்ச்சல்காரரைக் கடிச்ச கொசுவுக்குள்ள வைரஸ் வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுக்குப் பிறகு அந்தக் கொசு கடிச்சாதான் அடுத்தவருக்கு வரும்.

நாலாம் வகுப்பிலிருந்து என் கூட இருக்கிற கூட்டுகாரியும் ரெண்டு நாள் பின் பெஞ்சில்தான் இருந்தா. அதுதான் ஊசி குத்தினதை விட வலிச்சுது. மூணாம் நாள் நாலு நோட்டைக் கொண்டு வந்து என் முன்னால வச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிட்டா. திறந்து பார்த்தா, நான் வராத முதல் நாளிலிருந்து தேதி போட்டு எனக்காக எழுதி வச்சிருக்கா! இயற்கணிதம், பாய்மங்கள், தமிழ் இலக்கணம் எல்லாம் இருந்தது. அவ கையெழுத்து மையில் விழுந்த எறும்பு ஓடின மாதிரி இருக்கும். இருந்தாலும் நான் இப்பவும் அந்த நோட்டில்தான் படிக்கிறேன்.

படிக்கிறதும் லேசா நடக்கல. அரை மணி நேரம் இருந்தா தலை சுத்தும். கணக்கு சார் தினம் ரெண்டு கணக்கு மட்டும் போடு, மூணாவது போடாதேன்னார். (இப்படி ஒரு கணக்கு சாரை யாராவது பார்த்திருக்கீங்களா?) காலாண்டில் கணக்கில் 43 வந்தது. அம்மை கஞ்சியும் சிறுபயறும் மட்டிப்பழமும் தந்து தந்து எடை கொஞ்சம் ஏறிட்டு. தலைமுடி இப்பதான் சீப்பில் கொத்தா வருது. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு மூணு மாசத்தில் அப்படி கொட்டும், திரும்ப வளரும்னு டாக்டர் சொல்லிட்டார். கோ-கோ விளையாட இன்னும் விடல.

இனி கொசு விஷயம். நம்ம ஊரில் ரெண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பால் வெட்டு இல்லை, ஆனா பால் பிடிக்கிற சிரட்டை மரத்திலயே இருக்கும். அதில் வெள்ளம் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கோதையாறு மாதிரி ஓடுற தண்ணியில் வளராது, இந்த மாதிரி ஒரு கை வெள்ளம் போதும் அதுக்கு. பகல் நேரத்தில் கடிக்கும். முட்டை சிரட்டையின் உள்பக்கம் ஒட்டிக் காய்ஞ்சு கிடந்தாலும் பல மாதம் சாகாது, மழை பெய்தா பொரிக்கும். அதனால கவிழ்த்தா மட்டும் போதாது, தேய்ச்சும் விடணும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டுகாரியும் அம்மை வெட்டுற தோட்டத்தில் 210 சிரட்டையைக் கொட்டிக் கவிழ்த்தோம். 37-ல் புழு நெளிஞ்சுது. அவ ஒரு சிரட்டையை உத்துப் பார்த்துட்டு, "எளா, இதில எந்தப் புழுவுக்க அம்மை உன்னைக் கடிச்சிருக்கும்?"னு கேட்டா. ரெண்டு பேரும் நின்னு சிரிச்சோம். அந்த ரெண்டு நாளைப் பத்தி நாங்க இன்னும் பேசல.

இன்னும் 90 மரம் பாக்கி இருக்கு. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போவோம். வருகிறவர்கள் முழுக்கை சட்டை போட்டு, தேய்க்க ஒரு பழைய துணியும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி