கோட்டுக்கு எந்தப் பக்கம்?

கோவாவின் கலங்குட் கடற்கரையருகே ஒரு பார். சனிக்கிழமை இரவு பூல் போட்டி. 16 பேர், தலைக்கு 200 ரூபாய், மொத்தமும் ஜெயிப்பவருக்கு. இறுதி ஆட்டத்தில் வாடிக்கையாளர் ஒருவரும் டாக்சி ஓட்டும் இளைஞரும். இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டுமே பாக்கி. வாடிக்கையாளர் அடித்ததில் வெள்ளைப் பந்து குழியில் விழுந்தது.

பந்தை மேஜையில் எங்கும் வைத்து அடிக்கலாம் என்றார் இளைஞர். சர்வதேச எட்டுப் பந்து விதி அதுதான். கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்றார் வாடிக்கையாளர். பல பார்களில் அப்படித்தான். அந்த நிமிடத்தில் பார் முதலாளி சொன்ன தீர்ப்பு: “இங்கே கோடுதான்.” கறுப்புப் பந்தும் கோட்டுக்குப் பின்னாலேயே கிடந்தது, நேராக அடிக்க வழியில்லை. இளைஞர் தோற்றார். 3,200 ரூபாய் போயிற்று.

இந்த வம்புக்கு மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்நூக்கருக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். அதுவும் ஒரு கிளப்பின் சொந்த விதிதான். ஆனால் ஆடுவதற்கு முன்பே எல்லோர் கண்ணிலும் பட்டது.

கலங்குட் பாரின் சுவரில் பீர் விலைப்பட்டியல் மட்டும் தெளிவாக இருந்தது.