உட்கார வைக்கும் அன்பு

மாரடைப்பினின்று மீண்டவரை நம்மவர் எங்ஙனம் நடத்துகின்றனர்? நாற்காலியில் அமர்த்தி, "அசையாதீர்கள்" என்கின்றனர். கேலாங்கிலுள்ள எம் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் எமக்கு முன்னரே உண்டு. இருதய நோயும் சேர்ந்தபின், தண்ணீர்க் குவளையைக்கூட எடுக்க எம் மனைவியார் விட்டாரில்லை. ஜொகூர்த் தோட்டத்திலிருந்து வந்த தமக்கையாரோ, "எல்லாம் தலையெழுத்து, தம்பி, சிவன் கோயிலுக்கு நேர்ந்துகொள்" என்றார்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணியிருந்தது; நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்திற்று. நெஞ்சுவலியுற்ற ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்ததை, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதிவைத்தும் பயனில்லை. 1952-இல்தான் லெவைன், லவுன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிகளைப் படுக்கையினின்று எழுப்பி நாற்காலியில் அமர்த்துவதே நன்றென எழுதினர். 1966-இல் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கவைத்து ஆராய்ந்தபோது, அவர்தம் உடற்றிறன் கால் பங்குக்கு மேல் குன்றிற்று. நோயற்ற இளைஞர்க்கே இக்கதியெனில், நான்கு நோயுடைய எம் போன்றோர்க்கு எக்கதி?

"பல நோயுடையார்க்குப் பயிற்சி ஆகாது" என்பதே பெரும்பிழை. நடை இருதயத்துக்கு மட்டும் நன்மை செய்வதன்று. சர்க்கரையையும் கொதிப்பையும் தணிக்கிறது. தொடைத் தசையை வலுவாக்கி முழங்காலுக்குத் துணையாகிறது. ஆயின், மருந்தைப் போலவே பயிற்சியும் அவரவர்க்கு அளந்து தரப்படவேண்டும். மருத்துவமனைப் பயிற்சியில் யாம் கற்றவை இவை: மெல்லத் தொடங்கி மெல்ல முடித்தல், இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உண்போர் நாடியை மட்டும் நம்பாது, பேசிக்கொண்டே நடக்க இயல்கிறதா என நோக்குதல், நீரிழிவுடையார் சர்க்கரையளவும் பாதங்களும் பார்த்துக்கொள்ளல், நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தல். 1970-இல் தேசிய இருதயச் சங்கமாகத் தோன்றிய சிங்கப்பூர் இதய அறநிறுவனமும் இத்தகைய பயிற்சியை நடத்திவருகிறது.

ஒருநாள் யாம் நீரிழிவு மாத்திரையை விழுங்கி, உண்ணாமல் நடந்துவிட்டோம். கடை அஞ்சடியில் கண் இருண்டது. கோப்பிக் கடைச் சீன முதியவர் இனிப்பு நீர் தந்து காத்தார். மறுநாள் கதவைத் தாண்டவும் அஞ்சினோம். "பார்த்தீர்களா!" என்றார் மனைவியார். பயிற்சியளித்த அம்மையாரோ, "குற்றம் நடையினுடையதன்று, ஐயா; பட்டினியுடையது" என்றார். அச்சொல்லே எம்மை மீண்டும் எழுப்பியது.

சென்ற பொங்கலுக்குத் தமக்கையார் வந்தார். விடியுமுன் பால்மரம் வெட்ட நடந்த கால்கள் அவருடையவை. நீரிழிவென்று அறிந்ததும், அவர் மைந்தர் அன்பு மிகுந்து அவரை உட்காரவைத்துவிட்டனராம். மருத்துவரிடம் காட்டி இசைவு பெற்றபின், மறுநாட்காலை மூவரும் நடந்தோம். கேலாங் ஈஸ்டிலுள்ள சிவன் கோயில் வாசலில் நின்று, "நேர்ந்துகொண்டாயா, தம்பி?" என்றார். "நாள்தோறும் இதுவரை நடந்து வருகிறோம், அக்கா" என்றோம்.

தோட்டத்துத் தோழர்களே, நகரத்து நண்பர்களே! நும் இல்லத்து நோயாளியிடம் அன்புண்டாயின், மருத்துவரைக் கேட்டு, அவர் கைபற்றி எழுப்புங்கள், உடன் நடவுங்கள்.