அமாவாசை வாசகர்கள்

ஆடி அமாவாசை

காலையில் சர்வதீர்த்தக் குளத்தங்கரையில் தர்ப்பணக் கூட்டம். பிற்பகல் ஏனாத்தூரில் என் வீட்டு முன்னறையில் வாசகர் கூட்டம். இரண்டும் ஒரே நாளில் அமைந்ததற்குத் தத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. அமாவாசையன்று எங்கள் பக்கத்து நெசவாளர்கள் தறியில் உட்காருவதில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் அண்ணனுக்கு வேறு நாளில் ஓய்வு கிடையாது. "சாமி இருக்கான்னு சந்தேகப்படறவங்க பஞ்சாங்கம் பார்த்துக் கூடறோம்" என்று கூட்டத்துக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி சிரித்தாள். "பஞ்சாங்கம் இல்லம்மா, லீவு" என்றார் அண்ணன்.

அவர் காலையில் குளத்துக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். நம்பிக்கை போய்ப் பல வருஷமாயிற்று என்பவர். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அம்மா இன்னும் இருக்காங்கல்ல."

காஞ்சி மடத்தாரின் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1993-ல் வந்தது. சமஸ்கிருதமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. அதற்குக் கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு கூட்டம். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் நான். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் அக்கா ஒருவர். பெயர் சொல்ல விரும்பாத பாய் ஒருவர். இன்று புதிதாக ஒரு தம்பி. பெங்களூரில் வேலையில் இருந்தபோது மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்து, சில ஆண்டுகள் இருந்து, வெளியே வந்தவர். "என்னப்பா பண்ணாங்க உன்னை?" என்று அக்கா கேட்டார். "ஒண்ணும் பண்ணலக்கா. ரொம்ப நல்லவங்க. அவங்க சொன்ன வரலாறு எனக்கு நிக்கலை, அவ்வளவுதான். இப்பவும் அவங்க ஞாபகமாத்தான் இருக்கு."

ஆவணி அமாவாசை

தம்பி கொண்டுவந்த புத்தகம் ஃபான் பிராடி எழுதிய ஜோசப் ஸ்மித் வாழ்க்கை வரலாறு. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நியூயார்க் மாநிலத்துக் கிராமத்து வாலிபன் ஜோசப் ஸ்மித். மரோனி என்ற தேவதூதன் காட்டிய இடத்தில் பொன்னேடுகள் கிடைத்தன என்று ஸ்மித் சொன்னார். அவற்றைத் தெய்வ சக்தியால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1830-ல் மார்மன் புத்தகத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் சபை பிறந்தது. ஏடுகளைத் தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சபை சொல்கிறது.

இந்தச் சபைக்குச் சென்னை புதிதல்ல. ரிச்சர்டு பாலன்டைன் என்ற ஊழியர் 1853-லேயே அங்கு வந்து இறங்கினார். கூட்டம் சேரவில்லை, அடுத்த ஆண்டு திரும்பினார். மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் வர 1982 ஆயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழிய அமைப்பு 1993-ல் வந்தது. "எங்க யுனிவர்சிட்டி வந்த வருஷம்" என்றாள் கல்லூரிப் பெண்.

பிராடி சபைக்குள்ளேயே பிறந்தவர். பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் தம்பி மகள். புத்தகம் 1945-ல் வந்தது, 1946-ல் சபை அவரை நீக்கியது. ஸ்மித்துக்கு மனைவியர் 48 பேர் என்று அவர் பட்டியல் போட்டிருந்தார். 2014-ல் சபையே வெளியிட்ட கட்டுரை, கவனமாகக் கணக்கிட்டால் 30 முதல் 40 வரை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. "எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, விஷயம் குறையலை" என்றார் பாய்.

அதே காலத்தில் ஹுவானிட்டா புரூக்ஸ் என்று இன்னொரு பெண். 1857 செப்டம்பர் 11 அன்று யூட்டாவின் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில், வழிப்போக்கர்களாக வந்த 120 பேரளவில் மார்மன் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதை ஆவணம் ஆவணமாகத் தோண்டி 1950-ல் எழுதினார். ஒதுக்கினார்கள், நீக்கவில்லை. அவரும் போகவில்லை, சாகும்வரை சபையிலேயே இருந்தார். அக்கா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. புறப்படும்போது, "அந்த ரெண்டாவது அம்மாவைப் பத்தி இன்னும் படிக்கணும்" என்றார்.

மகாளய அமாவாசை

இன்று என் முறை. மகேந்திரவர்ம பல்லவனின் மத்தவிலாசப் பிரகசனத்தை எடுத்து வைத்தேன். நடப்பது காஞ்சித் தெருவில். குடிகாரக் காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. நாகசேனன் என்ற பௌத்தத் துறவிமேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது நாய். அந்தத் துறவி ஓரிடத்தில் தனக்குள் புலம்புகிறார்: அத்தனை கருணையுள்ள புத்தர் மதுவையும் மாதரையும் மட்டும் ஏன் விலக்கியிருப்பார்? நிச்சயம் அனுமதித்திருப்பார். பொறாமை பிடித்த கிழட்டுத் துறவிகள்தான் அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். திருத்தப்படாத மூலப்பிரதி எங்காவது கிடைக்குமா?

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார். ஸ்மித் எகிப்திய பாப்பிரஸ் சுருள்களை விலைக்கு வாங்கி, அவை ஆபிரகாமின் கையெழுத்து என்று ஒரு நூலை மொழிபெயர்த்துத் தந்திருந்தார். சுருள்கள் தீயில் போய்விட்டன என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1967-ல் அவற்றின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து சபையின் கைக்கு வந்தன. எகிப்திய மொழி படித்தவர்கள் வாசித்தார்கள். இறந்தவர்களோடு வைக்கும் வழக்கமான சடங்கு வாசகங்கள், ஆபிரகாம் இல்லை. மூலப்பிரதி கிடைத்ததும் சிலருக்கு நம்பிக்கை போயிற்று, சிலருக்குப் போகவில்லை. போகாதவர்கள் வேறு விளக்கம் கண்டுபிடித்தார்கள்.

இந்த நாடகத்தை எழுதியவனே மதம் மாறியவன் என்கிறது மரபு. சமணத்திலிருந்து சைவம். எந்தப் பக்கம் இருந்துகொண்டு சிரித்தான் என்று நாடகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐப்பசி அமாவாசை

தீபாவளிச் சேலை வேலை முடிந்த அசதியில் அண்ணன் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. நாத்திகர் வீட்டிலும் அதிரசம் சுடுகிறார்கள்.

தனியாக உட்கார்ந்து 'தத்துவ விவேசினி' தொகுப்பைப் படித்தேன். வீ. அரசு தொகுத்தது. சென்னை இலௌகிக சங்கம் 1878-ல் தொடங்கியது. லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் சங்கத்தோடு தொடர்பில் இருந்தது. 1882 முதல் 1888 வரை தமிழில் இந்த இதழ், ஆங்கிலத்தில் 'தி திங்கர்'. பெரியாரின் குடிஅரசு பிறக்க இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்த காலம். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பகலில் வேலை பார்த்துவிட்டு, உலகம் படைக்கப்பட்டதா, ஆன்மா உண்டா, சாதி ஏன் என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பலர் புனைபெயரில். எங்கள் பாய்க்குப் பாட்டனார்கள் இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் இங்கே என்றில்லை, எங்கேயும் தானாக முளைக்கிறது. பிரான்சின் எத்ரெபிஞ்ஞி என்ற கிராமத்தில் ழான் மெஸ்லியே என்ற பாதிரியார் இருந்தார். நாற்பது ஆண்டு பூசை வைத்தார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1729-ல் இறந்த பிறகு, கடவுள் இல்லை என்று எழுதி வைத்த கட்டு வெளியே வந்தது. அதைச் சுயமரியாதைக்காரர்கள் 'மரண சாசனம்' என்று தமிழில் கொண்டுவந்தார்கள். அந்த மனிதருக்குக் கூட உட்கார்ந்து படிக்க நாலு பேர் இருந்திருந்தால் சாகும்வரை காத்திருப்பாரா? பதில் எனக்குத் தெரிந்ததுதான். சபையை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வார்?

கார்த்திகை அமாவாசை

எல்லாரும் திருப்பருத்திக்குன்றம் போனோம், ஷேர் ஆட்டோவில். ஒரு காலத்து ஜினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயில், அதன் சங்கீத மண்டபம் 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் ஓவியமாக ஓடுகின்றன. எங்களைத் தவிர ஆள் இல்லை.

மண்டபத்தில் உட்கார்ந்து அப்பர் கதையைப் பேசினோம். திருவாமூரில் பிறந்தவர், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்தது, அக்காள் திலகவதியிடம் திரும்பினார். அவர் பாட்டிலேயே அந்த நாட்களை நினைத்து வருந்துகிறார். விரிவான கதை நமக்குக் கிடைப்பது சேக்கிழாரிடமிருந்து, சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்து. பக்கத்துத் திருப்புட்குழியில் ராமானுஜருக்குப் பாடம் சொன்ன யாதவப் பிரகாசர் பின்னாளில் மாணவருக்கே சீடரானார் என்கிறார்கள். சொல்வது ராமானுஜரின் மரபு. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். எழுதிய சாத்தனார் பௌத்தத்தின் பக்கம். உலகாயதம் பேசிய பூதவாதியை அவள் மடக்குவதாக ஒரு கேள்வி வருகிறது: உன் தாய் தந்தையை நீ அனுமானத்தால்தானே அறிவாய்? பூதவாதிக்குப் பதில் பேச வரியே கொடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நம் ஊரில் மதம் விட்டவர் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எழுதியவர், விட்டவர் போய்ச் சேர்ந்த இடத்துக்காரர். பழைய வீடு இருட்டு, புது வீடு வெளிச்சம். நடுவில் கிடந்த ஆண்டுகள் நோயாகவோ மயக்கமாகவோ ஆகிவிடுகின்றன. அப்பர் சமணத்தில் எதைப் படித்தார், யாரோடு விவாதித்தார், எதை இழந்து வந்தார் என்று சமணர் எழுதிய ஒரு பக்கம் கிடைத்தால் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்து படிப்பேன்.

கல்லூரிப் பெண்ணுக்கு வேறொன்று உறுத்தியது. "சமயவாதிகிட்ட கேள்வி கேக்க மணிமேகலை ஆம்பளைத் துறவி வேஷம் போட வேண்டியிருந்திருக்கு டீச்சர்." அக்கா அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

மார்கழி அமாவாசை

பாய் முதல் தடவையாக நெடுநேரம் பேசினார். 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் கொல்லப்பட்டதைப் பற்றி. திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், இறைமறுப்பைப் பேசியதற்காகக் கொன்றார்கள். அவருடைய தந்தை, மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேருவேன் என்று சொன்னார். "நான் பேர் சொல்லாததுக்குக் காரணம் கேட்டீங்கள்ல" என்றார் பாய். கேட்டது அக்கா. மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, டீ போட எழுந்து போனார்.

பிறகு பேச்சு கல்யாணத்துக்குத் திரும்பியது. மார்மன் ஆலயத்துக்குள் திருமணம் நடந்தால், ஆலய அனுமதிச் சீட்டு இல்லாதவர் உள்ளே போக முடியாது, பெற்ற தாயாக இருந்தாலும். சபையை விட்ட தகப்பன் மகள் கல்யாணத்தன்று வெளியே நிற்க வேண்டும். 2019-லிருந்து முதலில் வெளியே பொதுத் திருமணம் வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள் என்றார் தம்பி. அங்கே பெயரை நீக்கக் கடிதம் எழுதினால் நீக்கிவிடுகிறார்கள்.

இங்கே எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவது? புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்தது 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்தக் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் திருத்தமும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. சாமியை விட்டாலும் சட்டத்துக்கு நீ இந்துதான். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதியும் மதமும் அற்றவர் என்று 2019-ல் சான்றிதழ் வாங்க ஒன்பது ஆண்டு அலைந்தார். "சான்றிதழ் வாங்கிடலாம். செத்தா தூக்க யார் வருவா, அதுதான் எங்க தெருவுல கேள்வி" என்றார் அண்ணன்.

தம்பி மெதுவாகச் சொன்னார்: "சபையில அதுக்கு ஆள் இருந்தாங்க. சமையல் பண்ணிக் கொண்டாருவாங்க, வீடு மாத்தினா லாரியில சாமான் ஏத்துவாங்க. புத்தகம் அதுக்கு ஈடாகாது."

தை அமாவாசை

சண்டை. கல்லூரிப் பெண் ஒரு தாளில் உறுதிமொழி எழுதி வந்திருந்தாள். கூட்டத்துக்கு ஒரு பெயர், எந்த மதச் சடங்கும் செய்வதில்லை என்று ஆளுக்கொரு கையெழுத்து. அக்கா கிறிஸ்துமஸ் இரவில் சபைக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தவர். "பாட்டு எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது. அதுக்காக என்னை நீக்கிடுவியா?" அண்ணன் இன்று காலையும் குளத்துக்குப் போய்விட்டு வந்தவர். "சங்கம்னா சந்தா, சந்தான்னா பொருளாளர், பொருளாளர்னா தகராறு. கூட்டுறவு சங்கத்துல பார்க்காததா" என்றார்.

பெண் விடவில்லை. "எல்லாரும் இப்படியே பாதியில நின்னா, நாளைக்கு ஃபாரூக் மாதிரி ஒருத்தருக்கு யார் நிப்பாங்க?" அது நியாயமான கேள்வி. நாலு பேர் வீட்டுக்குள் படிப்பதால் வெளியே ஒருவருக்கும் பாதுகாப்பு வந்துவிடாது, அதற்கு இயக்கம்தான் வேண்டும். அவள் இயக்கத்துக்குப் போகட்டும், போக வேண்டியவள்தான். தம்பி தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உறுதிமொழி எடுத்து ஒரு இடத்துக்குள்ள போனவன் நான். இன்னொண்ணு இப்போதைக்கு வேணாம்."

உறுதிமொழி போட்டால் நாங்களும் போய்ச் சேர்ந்த இடத்துக்காரர்கள் ஆகிவிடுவோம். அப்புறம் அண்ணனின் எள்ளும் தண்ணீரும் மூடத்தனம், அக்காவின் பாட்டு பலவீனம் என்று கதை எழுத ஆரம்பிப்போம். சேர்ந்த இடத்திலிருந்து எழுதினால் அப்படித்தான் வரும். ஆகவே ஒரு யோசனை சொன்னேன். மாசி அமாவாசைக்குப் புத்தகம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு பக்கம், இப்போது எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து எழுதி வருவது. எதை விட்டோம், எதை விட முடியவில்லை. முடிவு சொல்ல வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டார்கள். கல்லூரிப் பெண்கூட, இரண்டு பக்கம் போதாது என்று முறையிட்டுக்கொண்டே.

அண்ணன் மட்டும் தனக்கு எழுத வராது என்றார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன். யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: "நான் சொல்றதை அப்படியே எழுதணும் டீச்சர். திருத்தப்படாது."

சரி என்றேன். சேக்கிழார் வேலை எனக்கு வேண்டாம்.