எஃப்.ஐ.ஆரில் ஏறாத வார்த்தை

தென்மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், மார்க்கெட் வாசலில் மீன் விற்கும் ஒரு பெண்மணிக்காக நான் நடத்திய வழக்கு இது. அவர் மீது போடப்பட்டிருந்தது இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசிப் பிறருக்குத் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுத்தவர் அங்கேயே கடை வைத்திருப்பவர். மீன்கூடை தன் கடையை மறைக்கிறது என்று அவருக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

அந்த மார்க்கெட்டில் கடைக்காரர்கள் கூடி ஒரு விதி போட்டிருந்தார்கள்: கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு வாசலில் இடமில்லை. பெண்களும் பிள்ளைகளும் வந்துபோகும் இடம். நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அந்த விதி வெயிலில் நின்று கூவி விற்பவர்கள் மீதும் மூட்டை தூக்குபவர்கள் மீதும்தான் பாய்ந்தது. கல்லாவில் உட்கார்ந்து குரல் உயர்த்தாமல் பேசுகிறவர்களை அது தொடவே இல்லை.

இப்படிப்பட்ட வழக்குகளைப் பலரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வியாபாரம் போகும்; அதைவிட அபராதம் குறைவு. இதை எடுத்துச் சொன்னபோது அந்த அம்மா மறுத்துவிட்டார். “நான் பேசினது தப்புன்னா அபராதம் கட்டுதேன் சார். அவன் பேசினதையும் கோர்ட்டுல எழுதணும்லா?”

அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அன்று காலை அந்தக் கடைக்காரர், கடைக்கு வந்த ஒருவரிடம், இவர் காதில் விழும்படி சொன்னது இதுதான்: “புருஷன முழுங்கினவ மொகத்துல முழிச்சா யாவாரம் எங்க வெளங்கும்?” அதற்குப் பதிலாக இவர் கத்திய வார்த்தையில் அந்த ஆளின் தாய் வந்துவிட்டார். காவல் நிலையத்துக்குப் போனது இரண்டாவது வாக்கியம் மட்டும்.

சட்டம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 294(பி)யில் போலீசார் நேரடியாக வழக்குப் பதியலாம். ஒருவரை வேண்டுமென்றே அவமதித்து, அமைதி குலையும்படி ஆத்திரமூட்டுவது 504ஆவது பிரிவு. அதற்குத் தண்டனை இரண்டு ஆண்டு வரை. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் அதை விசாரிக்க முடியாது. தண்டனை பெரிது, கதவு சிறிது. மீன்கூடையைப் போட்டுவிட்டு அந்த உத்தரவு வாங்க யார் அலைவார்கள்? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 296, 352 என்று எண் மாறியிருக்கின்றன. இந்த வேறுபாடு மாறவில்லை.

விசாரணையில் புகார்தாரர் முதல் சாட்சியாக ஏறினார். என்ன வார்த்தை என்று கேட்டேன். வாயால் சொல்ல முடியாது என்றார். எஃப்.ஐ.ஆரிலும் ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்றுதான் இருந்தது. எந்த வார்த்தை என்று தெரியாமல் அது ஆபாசமா என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்யும்? அடுத்து வந்த டீக்கடைக்காரர், தனக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று சொல்லிவிட்டார். சட்டப்படி வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டது வேறு. ஆகவே புகார்தாரரிடம் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே படித்து, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. “ஊர்ல எல்லாரும் சொல்லுறதுதான். அதுல என்ன கெட்ட வார்த்தை இருக்கு?” அந்தப் பதில் சாட்சியத்தில் பதிவாயிற்று.

வாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.எஸ். மதனகோபால் எதிர் கே. லலிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் அளித்த தீர்ப்பைக் காட்டினேன். திட்டுவதும் அவமானப்படுத்துவதும் மட்டுமே 294(பி) குற்றம் ஆகிவிடாது என்கிறது அது. வார்த்தை பதிவாகவில்லை, தொல்லை நிரூபிக்கப்படவில்லை என்று அந்த அம்மா விடுதலை ஆனார். பிறகு 2024 மார்ச்சில் ‘காலேஜ் ரொமான்ஸ்’ வலைத்தொடர் வழக்கிலும், வசைச்சொல் என்பதாலேயே அது ஆபாசமாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இதனால் யாரும் எப்படியும் திட்டலாம் என்று நான் சொல்லவில்லை. நம் வசைகளில் பெரும்பாலானவை எதிராளியை விட்டுவிட்டு அவன் வீட்டுப் பெண்களை இழுக்கின்றன. அந்த அம்மாவுக்கே இது உறுத்தியது. “அவன் அம்மா என்கிட்டதான் மீன் வாங்கும். அதை இழுத்தது தப்புதான் சார்” என்றார். இந்த உறுத்தலை மதிக்கும் விதி எங்கும் தேவை. ஆனால் சொற்பட்டியல் போட்டுத் தடுத்தால், பட்டியலில் இல்லாத சொல்லால் ஆளைக் கொல்லுகிறவர் தப்பிவிடுவார். வலி தாங்காமல் கத்தியவர் மாட்டிக்கொள்வார்.

வேறு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் இனத்தவரையோ பழங்குடியினரையோ பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி வைவதைக் குற்றமாக்குகிறது. அதில் ஒரு கொச்சைச் சொல்கூட இருக்க வேண்டியதில்லை. யார், யாரை, எதைச் சொல்லித் தாழ்த்துகிறார் என்பதுதான் அங்கே கணக்கு.

சங்கமோ, அலுவலகமோ, நாலு பேர் கூடிப் பேசும் எந்த இடமோ, விதி எழுத உட்காரும்போது இதை முதலில் எழுதட்டும்: பிறப்பையும் உடலையும் தொழிலையும் கைம்மையையும் சொல்லி ஒருவரை இழிவு செய்யக்கூடாது, சண்டையில் இல்லாதவரை வசையில் இழுக்கக்கூடாது. புகார் வந்தால், கடைசியாகக் கத்தியவரை மட்டும் கூண்டில் ஏற்றாமல், அதற்கு முன் என்ன சொல்லப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இது சலுகையல்ல. இரு தரப்பையும் கேட்பது என்ற மிகப் பழைய நீதிதான்.