டாலர் கார்டு தேடி நேருஜி ரோட்டில்

விழுப்புரம் நேருஜி ரோட்டில் இருக்கும் அந்த வங்கிக் கிளைக்குள் காலையில் நுழைந்தால் நகைக்கடன் வரிசையைத் தாண்டித்தான் எதற்கும் போக முடியும். தாண்டிப் போனால் மூலையில் வெளிநாடுவாழ் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு மேசை. என்னோடு வந்தவன் அக்கா மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர், லீவில் வந்திருக்கிறான். உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டான்: "என்.ஆர்.இ. கணக்கோட சேர்ந்த மாதிரி ஒரு கிரெடிட் கார்டு வேணும் மேடம். பில்லு சிங்கப்பூர் டாலர்லயே வரணும்."

அந்த அதிகாரி இதைப் பலர் வாயால் கேட்டிருக்க வேண்டும். "கார்டு குடுக்கலாம் சார். ஆனா பில்லு ரூபாயிலதான் வரும்" என்றார் நிதானமாக.

"எஃப்.சி.என்.ஆர். கணக்கு டாலர்லதானே இருக்கு?"

"அது டெபாசிட் சார். ஒரு வருஷத்துலேருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் போட்டு வைக்கலாம். கார்டு தேய்ச்சி எடுக்கற கணக்கு இல்ல."

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. என்.ஆர்.இ. கணக்கு என்பது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை ரூபாயாக மாற்றி வைப்பது. வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே கொண்டு போகலாம். என்.ஆர்.ஓ. கணக்கு, ஊரில் வரும் வாடகை, குத்தகைப் பணத்துக்கு. அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எஃப்.சி.என்.ஆர். மட்டும்தான் வெளிநாட்டு நாணயத்திலேயே இருப்பது. அது வைப்புத்தொகை மட்டுமே என்பதால் அதில் செலவுக் கார்டு கிடையாது.

பிறகு அந்த அம்மா தன்னிடம் இருப்பதைச் சொன்னார். என்.ஆர்.இ. வைப்புத்தொகை போட்டால் அதை ஈடாக வைத்து கிரெடிட் கார்டு. இந்தியாவில் கடன் வாங்கிய வரலாறே இல்லாத, சிபில் மதிப்பெண் இல்லாத இவனைப் போன்றவர்களுக்கு இதுதான் சுலபமான வழி. ஒரு விஷயத்தை நான் தோண்டிக் கேட்க வேண்டியிருந்தது: கார்டு பிடிக்கவில்லை என்று ஒரு வருடத்துக்குள் அந்த டெபாசிட்டை உடைத்தால்? வட்டி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. என்.ஆர்.இ. டெபாசிட்டுக்குக் குறைந்தபட்சக் காலமே ஒரு வருடம்.

கட்டணத் தாளை வாங்கி அங்கேயே கணக்குப் போட்டோம். வெளிநாட்டில் தேய்த்தால் நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம், அதாவது மார்க்-அப், 3.5 சதவீதம். நம் ஊர் கார்டுகளில் பரவலாக இருக்கும் விகிதம் இதுதான். அந்த மார்க்-அப் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 ஆகிறது. சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 500 டாலருக்கு ஒரு போன் வாங்கினால் 32,500 ரூபாய். அதற்கு மேல் 1,342 ரூபாய் தண்டம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த பில்லைக் கட்ட அவன் சிங்கப்பூரிலிருந்து டாலரை அனுப்பி ரூபாயாக மாற்றுவான். மாற்றும்போது அங்கே ஒரு கழிவு. டாலரில் சம்பாதித்து, ரூபாயாக்கி, டாலரில் வாங்கிய போனுக்குக் கட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மார்க்-அப்பே இல்லை என்று விளம்பரம் செய்யும் கார்டுகளும் இப்போது வந்துவிட்டன. டாலரை ரூபாயாக்கும்போது போகும் கழிவை அவையும் மிச்சப்படுத்தாது.

பேச்சுவாக்கில் வேறொன்று வெளியே வந்தது. இவன் வெளிநாடு போவதற்கு முன்பு திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு திண்டிவனத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. "அத முதல்ல என்.ஆர்.ஓ.வா மாத்துங்க சார், ஃபெமா சட்டப்படி சாதாரண கணக்கு வெச்சிருக்கக் கூடாது" என்றார் அதிகாரி. ஆகவே விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி திண்டிவனம்.

அந்தக் கிளையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் புதுச்சேரிப் பக்கம், வீடு இப்போது திண்டிவனத்துக்கு அருகே. 1962-ல் புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். பென்ஷன் பிரான்சில் யூரோ கணக்கில் விழுகிறது. பையிலிருந்து அந்த யூரோ கணக்கின் கார்டை எடுத்துக் காட்டினார். என் அக்கா மகன் தேடிய பொருள் அதுதான்: வெளிநாட்டு நாணயத்திலேயே கணக்குத் தீர்க்கும் கார்டு. கொடுத்தது பிரான்ஸ் நாட்டு வங்கி.

அவர் ஏ.டி.எம். ரகசியம் ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் திரையில், யூரோவில் இவ்வளவு பிடிப்போம், சம்மதமா என்று கேட்கும். "வேணாம்னு அமுக்கணும் தம்பி. மெஷின் சொல்ற ரேட்டுல லாபம் அவங்களுக்கு. ரூபாயிலயே எடுத்தா நம்ம பேங்க் ரேட்டு வரும்." சிங்கப்பூர்க் கடையில் நம் ஊர் கார்டை நீட்டும்போது இதே கேள்வி தலைகீழாக வரும்: ரூபாயில் போடட்டுமா? அங்கே சிங்கப்பூர் டாலர் என்றே சொல்ல வேண்டும். ரூபாய் என்று தலையாட்டினால் கடைக்காரரின் விகிதம் ஒட்டிக்கொள்ளும். சில வங்கிகள் அதற்கும் தனிக்கட்டணம் போடுகின்றன.

கணக்கு மாற்றும் படிவத்துக்குப் பாஸ்போர்ட், வேலை அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் போதும். அந்த வேலை சீக்கிரம் முடிந்தது.

வெளியே டீ குடிக்கும்போது "அப்ப டாலர் கார்டே கிடையாதா மாமா?" என்றான். உண்டு. ஜெர்சி தீவு போன்ற இடங்களில் வெளிநாடுவாழ் ஊழியர்களுக்கென்றே பவுண்டிலும் டாலரிலும் கணக்கு நடத்தும் வங்கிகள் இருக்கின்றன. அவை கேட்கும் இருப்புத்தொகை பட்டறை சூப்பர்வைசருக்கு எட்டாது. எட்டக்கூடியது சிங்கப்பூரிலேயே ஒரு கார்டு. அங்கே 55 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் வங்கிகள் இன்னும் அதிகம் கேட்கும். தகுதி வராவிட்டால் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டே போதும்.

அப்படியானால் என்.ஆர்.இ. கார்டு எதற்கு? ஊர்ச் செலவுக்கு. அக்காவின் மருந்து, மின்கட்டணம், லீவில் வரும்போது ரயில் டிக்கெட், ஹோட்டல். எல்லாம் ரூபாய்ச் செலவு, மார்க்-அப் கிடையாது. அக்கா பெயரில் ஆட்-ஆன் கார்டு போட்டு, பில் முழுவதும் மாதாமாதம் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். "மினிமம் கட்டினா போதும்" என்கிற பேச்சைக் கேட்டால் மாதம் மூன்றரை சதவீதமும் அதற்கு மேலும்கூட வட்டி ஏறலாம், மூன்றரை என்றாலே வருடத்துக்கு 42. அதோடு, ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வரும் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். ரோமிங் இல்லாத இந்திய சிம்மைப் பதிவு செய்துவிட்டு சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தால் கார்டு இருந்தும் பயனில்லை.

வைப்புத்தொகைக் கார்டுக்கு விழுப்புரத்திலேயே விண்ணப்பிக்கப் போகிறான், சிறிய வரம்பில். உங்கள் வீட்டுப் பிள்ளையும் லீவில் வந்து இப்படிக் கேட்டால் கையெழுத்துக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கார்டு விண்ணப்பத்தோடு வட்டியும் கட்டணங்களும் அடங்கிய ஒரு பக்க 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' தர வேண்டியது வங்கியின் கடமை. அது கைக்கு வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.