முடி வெட்ட யார் கையெழுத்து?

லெஸ்டர், இங்கிலாந்து

பக்கத்து வீட்டு அம்மா பிள்ளை வளர்க்கப் பெயர் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கணவர் பஸ் ஓட்டுகிறார், பன்னிரண்டு வயதில் ஒரு பையன். தத்து என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, அந்த வீடு நிமிரும் வரையிலோ பிள்ளை ஆளாகும் வரையிலோ, ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்காகத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பது. நற்சான்று சொல்ல என் பெயரைக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமூகப் பணியாளர் ஒருத்தி நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தாள்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வருமா, குடிப்பாரா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அதையும் கேட்டாள். ஆனால் பாதிக் கேள்வி என்னைப் பற்றி. ராத்திரி அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என் கதவைத் தட்டலாமா? பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவேனா? எந்தெந்த நாளில்? பக்கத்து வீட்டுக்காரனிடம் இதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு உத்தியோகமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாளில் நடுவே அந்த வீட்டை வட்டமாகப் போட்டு, தங்கை, சர்ச் சிநேகிதி, நான் என்று கோடு இழுத்தாள். நெருங்கியவர்களுக்குத் தடித்த கோடு. என்னுடையது தடித்த கோடு என்பதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

எங்கள் ஊரான அம்பாசமுத்திரத்தில் பெரியப்பாவின் பேத்திகள் இருவர் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். பந்தியில் இன்னும் இரண்டு இலை, அவ்வளவுதான். யாரும் கோடு போடவில்லை.

இங்கே ஒரு விதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளையை வளர்ப்பவருக்குச் சட்டப்படியான பெற்றோர் பொறுப்பு கிடையாது. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, கோர்ட் உத்தரவில் வந்த பிள்ளை என்றால் பொறுப்பு பெற்றவர்களுக்கும் கவுன்சிலுக்கும். பெற்றவர்களே சம்மதித்து விட்ட பிள்ளை என்றால் அவர்களுக்கு மட்டும். சோறு போட்டு, காய்ச்சலுக்கு விழித்திருப்பவருக்கு இல்லை. அதனால் பிள்ளை வீட்டுக்கு வரும்போதே ஒரு திட்டம் எழுதுகிறார்கள். முடி வெட்ட யார் சரி சொல்ல வேண்டும், பள்ளிச் சுற்றுலாவுக்கு யார் கையெழுத்து, சிநேகிதன் வீட்டில் ஒரு ராத்திரி தங்க யார் அனுமதி, தடுப்பூசிக்கு யார், பாஸ்போர்ட்டுக்கு யார். அன்றாடக் காரியங்களை வளர்ப்பவரிடமே விட்டுவிடுங்கள் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறதாம். ஆனால் முடி விஷயத்தைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டால், கண்ணை மறைக்கிற முடியோடு பிள்ளை உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டு, மாமா மடியில் உட்கார்த்திக் காது குத்தினார்கள். அந்த நேரம் அப்பா வேன்காரரோடு வாடகைத் தகராறில் இருந்தாராம். அவர் கையெழுத்தை யார் தேடினார்கள்? மாமா மடி இருந்தது, போதாதா? கடலைக்கும் வேர்வைக்கும் சந்தனத்துக்கும் நடுவே வீல் என்று கத்தினேனாம். இந்த ஊர் மழையில் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களைக் கும்பிடத்தான் வேண்டும். அந்தச் சமூகப் பணியாளர்ப் பெண் பக்கத்து வீட்டுப் பையனையும் தனியாக உட்கார வைத்துப் பேசியிருக்கிறாள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனி அறை தருவதுதான் இங்கே வழக்கம், ஆகவே அவனுடைய வீடியோ கேம் அறை போகப்போகிறது. உனக்கு என்ன கஷ்டம் வரும் என்று கேட்டாளாம். அப்பாவோடு சனிக்கிழமைக் கால்பந்து போய்விடுமோ என்றானாம். அது போகாது என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பிள்ளைக்கும் திட்டத்தில் ஒரு வரி! அம்பாசமுத்திரத்தில் என் பாயில் பாதி போனபோது என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

பிள்ளைக்கு ஒரு சமூகப் பணியாளர் என்றால், வளர்ப்பவருக்கென்றே இன்னொருவர். பிள்ளை வந்து 20 வேலை நாளுக்குள், அது எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுகிறார்கள், அடுத்து மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. காகிதத்துக்குக் குறைச்சலே இல்லை.

நேற்று அந்த அம்மா டீ குடிக்க வந்தபோது 'மாக்கிங்பேர்ட்' என்று ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். அனுபவமுள்ள ஒருவரின் வீடு நடுவீடு, அதைச் சுற்றி ஆறு முதல் பத்து வளர்ப்புக் குடும்பங்கள். பிள்ளை அங்கே ஒரு ராத்திரி தங்கும், வளர்ப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். மாதம் ஒரு தடவை எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் பிறந்த முறை, 2015-இல் பிரிட்டனுக்கு வந்தது. இதற்கு ஏன் சியாட்டில் வரைக்கும் போனார்கள், அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் ஆச்சி வீட்டைக் காட்டியிருப்பேனே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இங்கே நடுவீட்டுக்காரிக்குச் சம்பளம் உண்டு, உங்கள் ஆச்சிக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டார்.