செசியைத் தட்டிப் பார்

கல்முனையில் பழைய கெப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். மீற்றர் எப்போதோ நின்றுபோயிருக்கும். விற்கிறவரும் கேட்டதற்காக ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார். எங்கள் கரையில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. வண்டி இரவில் எங்கே நின்றது, கடற்கரை வீதியிலா வயல் பக்கத்திலா? மீன் ஏற்றியதா, நெல் ஏற்றியதா? பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரை நாங்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் தரையில் நெருக்கியடித்துக் குடியிருக்கிறவர்கள். பிரதான வீதியில் நின்றால்கூடக் கடல் நடந்துபோகும் தூரம்தான். இங்கே வாகனத்துக்கு வயது ஏறுவது ஓட்டத்தால் அல்ல, உப்பால்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் குசினி உப்புப் போத்தலைத் திறந்தவர்களுக்கு இது புதினமில்லை. எங்கள் இரவுக் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேதான் நிற்கும். ஆகவே ஒரு துளி மழை விழாத இரவிலும் இரும்பின் மேல் படிந்த உப்பு ஈரமாகித் தன் வேலையைத் தொடங்கிவிடும். வாடைக்காற்று கடலிலிருந்து உப்பைத் தூக்கிக்கொண்டு வரும், கச்சான் தரைப் பக்கமிருந்து வீசிக் காயவைக்கும். கச்சான் காலத்துத் தூசியைத் திட்டுகிறவர்கள் தங்கள் வண்டியின் பேரில் அதற்கு ஒரு நன்றியும் சொல்லலாம்.

என்னிடம் இருப்பது எண்பதுகளின் பிற்பகுதியில் செய்த டொயோட்டா ஹைலக்ஸ், ஒற்றைக் கெப். ஹைலக்ஸ் என்ற பெயர் 1968 மார்ச்சில் ஜப்பானில் சந்தைக்கு வந்தது. முதலில் அதைக் கட்டிக்கொடுத்தது ஹினோ கம்பனியின் ஆலை. என் வண்டியில் கிடப்பது 2எல் என்ற டீசல் என்ஜின், 2446 சி.சி. அதில் கம்ப்யூட்டர் என்று ஒன்றும் இல்லை. டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கு ஒரு வயரில் கரண்ட் போனால் போதும், மிச்சமெல்லாம் பல்சக்கரமும் பெல்ட்டும் பார்த்துக்கொள்ளும். சாய்ந்தமருதில் மச்சானின் இரும்புக்கடைக்குச் சீமெந்தும் கம்பியும், சம்மாந்துறைப் பக்கம் வயலுக்கு விதைநெல்லும் பசளையும், அறுவடை முடிந்தால் ஆலைக்கு நெல் மூட்டைகளும் ஏற்றுவதுதான் அதற்கு நான் கொடுத்திருக்கும் வேலை. எனக்கு முன் வைத்திருந்தவர் அதில் மீன் ஏற்றினார்.

2003இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் டொப் கியர் நிகழ்ச்சியில் பழைய சிவப்பு ஹைலக்ஸ் ஒன்றைக் கடலோரத்தில் கட்டிவைத்து மூழ்கவிட்டார்கள், தீ வைத்தார்கள், தகர்க்கப்போகும் அடுக்குமாடியின் உச்சியில் ஏற்றிக் கட்டடத்தோடு சேர்த்து விழுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். பிறகு அந்த வண்டியை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பார்க்க நல்ல வேடிக்கைதான். ஆனால் கடலில் ஒரு பெருக்கு கிடப்பது வேறு, கடலுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நிற்பது வேறு. ஹைலக்ஸின் என்ஜின் சாகாது என்று உலகம் முழுக்கப் பேர். செசி சாகும். அமெரிக்காவில் பனியை உருக்க வீதியில் உப்புத் தூவும் மாநிலங்களில் டகோமா போன்ற டொயோட்டா கெப்களின் செசி கறள் பிடித்து ஓட்டை விழுந்தது. அது தொடர்பான வழக்கைக் கம்பனி 2016இல் சமரசத்துக்குக் கொண்டுவந்தது. சுமார் 15 இலட்சம் வண்டிகள் அதில் அடங்கின, செலவு 340 கோடி டொலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். அங்கே உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறார்கள். எங்களுக்கு அது இலவசம்.

"புதுசொன்று எடுக்கலாமே" என்று வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இலேசாகச் சொல்லிவிடுவார்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடியும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கழுத்தை நெரிக்கும் வரியோடு. இந்த ஐந்து வருடத்தில் தீவு முழுவதும் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது. ஒதுக்குப்புறத்தில் கோழி அடைகாத்த கெப்களெல்லாம் கராஜுக்கு வந்தன.

என் வண்டியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. வெளியே நல்ல வெள்ளைப் பெயின்ட், பளபளப்பு. கூட்டிக்கொண்டுபோன மெக்கானிக் காக்கா வண்டியை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

"தம்பி, பெயின்டப் பாக்காதீங்க. சாரத்த மடிச்சிக் கட்டிட்டுக் கீழ படுங்க" என்றார்.

படுத்தேன். அவர் சின்னச் சுத்தியல் ஒன்றால் செசியை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கெப்புக்குக் கீழே இரும்பு கணீர் கணீரென்று பேசியது. பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது. பொத் பொத். இன்னும் ஒரு தட்டுத் தட்ட, பெயின்ட் தோலோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று மார்பில் விழுந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டால் ஈரச் சேறு, மணல், மீன் செதில். ஹைலக்ஸின் செசி அந்த இடத்தில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே போன தண்ணீர் வடிய அடியில் துளைகள் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். சேறு அந்தத் துளைகளை அடைத்ததும் பெட்டி தொட்டியாகிவிடும். ஐஸ் உருகி மீன் இரத்தமும் உப்பும் சேர்ந்து ஒழுகும் தண்ணீரைவிடக் கேடான ஒன்றை இரும்புக்கு ஊட்ட முடியாது. பின்பக்கத் தட்டின் விளிம்பு வழியாக அது தினம் தினம் அந்தத் தொட்டிக்குள் வடிந்திருக்கிறது.

ஓட்டையைக் காட்டித்தான் விலையைக் குறைத்து எடுத்தோம்.

அந்தச் செசி வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் பின் தட்டைத் தூக்கி இறக்கினார்கள், பிறகு டீசல் டாங்கி. வெல்டிங் தொடங்குமுன் பெற்றறியின் இரண்டு வயரையும் கழற்றிவைத்தார் காக்கா. இல்லாவிட்டால் ஒல்டனேற்றரின் டயோட் எரிந்துபோகுமாம். கறள் பிடித்த இரும்பின் மேலேயே தகடு வைத்து ஒட்டும் கராஜ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பூசிய அன்று நன்றாக இருக்கும், அடுத்த மாரியில் தகடு தனியாகத் தொங்கும். இவர் கணீரென்ற சத்தம் வரும் இடம் வரை வெட்டி எறிந்தார். வெட்ட வெட்ட எனக்கு வயிறு கலங்கியது, செசியில் மிச்சம் இருக்குமா என்று. புதுத் தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாக, கூர்மையாக வெட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"நேரா ஒட்டினா பாரம் ஏறக்குள்ள அந்தக் கோட்டிலயே வெடிக்கும். சாய்ச்சி வெட்டினா பாரம் பிரிஞ்சி போகும்."

அவர் படித்தது ஆறாம் வகுப்பு. பொறியியல் புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வேலை. வெல்டிங் சூட்டில் பெட்டியின் உள்பக்கப் பெயின்ட் எரிந்துவிடும், ஆகவே புதிதாக ஒட்டிய இடம்தான் முதலில் கறள் பிடிக்கும். அடைபட்ட துளைகளையெல்லாம் கம்பியால் குத்தித் திறந்து, பைப் தண்ணீரால் உள்ளே கழுவி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டார். பிறகு நீளமான மெல்லிய குழாயைத் துளை வழியே செலுத்திக் கொம்பிரசர் காற்றோடு ஒயிலை உள்ளே புகையாக அடித்தார். எல்லாத் துளையிலிருந்தும் ஒயில் சொட்டிய பிறகுதான் கையைத் துடைத்தார். வருடத்துக்கு ஒரு முறை, வாடை தொடங்குமுன், இதைத் திரும்பச் செய்கிறேன். பழைய என்ஜின் ஒயிலைத் தூரிகையால் அடியெல்லாம் பூசுவது இங்கே வழக்கம். எனக்கு அது பிடிக்காது. பிறேக் ஹோஸ், புஷ் என்று றப்பர் உள்ள இடமெல்லாம் ஊதிக் கெட்டுப்போகும், சொட்டுவதும் கடைசியில் எங்கள் மணலில், எங்கள் கிணற்றில்.

பின் தட்டை இரும்பில் செய்யவில்லை. ஓடாவி ஒருவர் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பாவினார். தண்ணீர் நேரே வீதிக்குப் போகும், அடியில் காற்று உலாவும். ஜப்பான்காரன் போட்ட தட்டு இல்லாததால் வண்டியின் 'ஒரிஜினல்' போய்விட்டது என்று ஒருவர் குறைப்பட்டார். கண்காட்சிக்கு வைப்பவர் வண்டியைப் பிறந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பார்க்கிறார். எனக்கு அது நாளைக் காலை சீமெந்துப் பாரத்தோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

நிற்பது என்றதும் பிறேக். ஹைலக்ஸின் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே ஏறிச் சின்ன வால்வு ஒன்றைப் பிடித்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் சில்லுக்குப் பிறேக்கைக் கூட்டும், வெறும் வண்டி என்றால் குறைக்கும். வெறும் வண்டியில் பின் சில்லு பூட்டிக்கொண்டால் மழை வீதியில் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இந்த வால்வு உப்பில் இறுகிப்போவதும், கராஜில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேரே பூட்டிவிடுவதும் சாதாரணம். எனக்கு வந்த வண்டியிலும் அப்படித்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குப் போன் போட்டால், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த வண்டியிலிருந்து கழற்றிய வால்வு கிடைத்தது. இரவு பஸ்ஸில் பார்சல் போட்டார்கள். சுபஹ் தொழுதுவிட்டுப் போய்க் கல்முனை பஸ் நிலையத்தில் எடுத்துக்கொண்டேன்.

என்ஜின் அவ்வளவு தொல்லை தரவில்லை. டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது கம்பனி. செத்த மீற்றரை நம்பி அதைத் தள்ளிப்போட முடியாது, வாங்கியதும் மாற்றினோம். முன்னவர் தெர்மோஸ்டற்றைக் கழற்றியிருந்தார். சூடான நாடு, அது எதற்கு என்று பலரும் அப்படிச் செய்கிறார்கள். டீசல் என்ஜின் சூடேறாமலே ஓடினால் புகையும், தேயும். திரும்பப் பூட்டி, ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்திக் கூலன்ட் விட்டேன். புகைப் பரிசோதனையில் பாஸ்.

டீசல் பம்ப்தான் ஒரு முறை படுத்தது, 2022இல். 2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ஆனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வரும்வரை வரிசையில் படுத்துத் தூங்கினோம். கானில் பதுக்கிய டீசல், தண்ணீர் கலந்தது, மண்ணெண்ணெய் கலந்தது என்று எது கிடைத்தாலும் ஊற்றி ஓடிய காலம். இந்த வகைப் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அதன் உள்பாகங்களுக்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. பம்பைக் கழற்றி வேலை செய்த செலவில் எத்தனையோ கான் நல்ல டீசல் வாங்கியிருக்கலாம். ஆனால் அன்று நல்ல டீசலைக் கண்ணால் கண்டவர் யார்?

அன்றாடப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் தண்ணீரோடுதான். மேலே கழுவுவதைவிட அடியைக் கழுவுகிறேன், அதுவும் பைப் தண்ணீரால். கடலோரக் கிணறுகள் பல உவர். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த பிறகு எத்தனையோ கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தோம். உவர்த் தண்ணீரால் வண்டி கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். டீசல் பில்ற்றரின் அடியிலுள்ள குமிழைத் திருகித் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருக்கா இறக்குகிறேன்.

மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். சில்லு அரைவாசி முங்கினாலும் ஹைலக்ஸ் போகும். போவது பெரிய விஷயமில்லை. ஓடிச் சூடான பின் அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். வீட்டுக்கு வந்து கியர் ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அப்படியே விட்டால் பேரிங் போய்விடும், அன்றே மாற்ற வேண்டும். ஆனால் 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரம் இழுபட்டு அந்தப் பிள்ளைகளில் பலர் மௌத்தான பிறகு, தண்ணீர் ஓடும் தாம்போதியில் வண்டியை இறக்குவதை நிறுத்திவிட்டேன். எவ்வளவு உயரமான வண்டியாக இருந்தாலும் ஓடும் தண்ணீருக்கு அது பெரிதில்லை. அவசரமென்றால் சுற்றிப் போகலாம், இல்லாவிட்டால் நெல் ஒரு நாள் பிந்தும்.

மருமகனுக்கு வண்டியைப் பார்க்க வெட்கம். "மாமா, ஒரு பெயின்ட் அடிச்சா விலையும் கூடுமே" என்கிறான். கூடும்தான், ஆனால் விற்கிற யோசனை இல்லை. இந்த வருடக் காசு முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கும் பின் பிறேக் குழாய்களுக்கும் போகிறது. கிளிப் பிடித்த இடங்களில் குழாய் உப்பியிருப்பதைப் போன மாதம் கண்டேன். இடது கதவின் அடியில் சிறுவிரல் போகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அது அடுத்த வருடமும் இருக்கும்.